இறக்கையோரச் சம்பந்தம்

இரஞ்சிதம் அக்கா தன் மகனுக்காகப் பார்த்து ஒதுக்கிய பெண்களைச் சேர்த்தால் ஒரு வலைப்பந்து அணி தேறும், மேலதிக ஆட்டக்காரிகளும் மிஞ்சுவார்கள். ஒருத்திக்குக் கீச்சுக் குரல். ஒருத்தி நடக்கும்போது செருப்பைத் தேய்த்தாளாம். கடைசியாக வந்தவளில் தேடித் தேடியும் ஒரு குறையும் அகப்படவில்லை. "எல்லாம் சரியா இருக்கிறது எனக்குச் சரியாப் படேல்லை" என்று சொல்லி அந்தச் சாதகத்தையும் மடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்.

மகன் தனோஜனுக்கு மெல்பேண் ரயில்களுக்கு நேரசூசி போடும் அலுவலகத்தில் வேலை. ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம், பூனைக்குட்டியின் துணிச்சல். ஒருநாள் கிரெய்கிபர்னில் இருக்கும் என் பலசரக்குக் கடைக்கு வந்து, அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்று நெடுநேரம் ஒரு மிளகாய்த்தூள் பைக்கற்றை வாசித்துக்கொண்டிருந்தான். மிளகாய்த்தூளில் அவ்வளவு வாசிக்க ஒன்றும் இல்லை.

"என்ன தம்பி, ஆர் அந்தப் பிள்ளை?" என்றேன்.

திடுக்கிட்டுப் பைக்கற்றை வைத்தான். "எப்பிடி அங்கிள் தெரியும்?"

"முப்பது வயதுப் பெடியன் மிளகாய்த்தூளைப் பார்த்துச் சிரிச்சா வேற என்ன?"

பிள்ளையின் பெயர் மேனுகா. வெரிபீயில் பல் வைத்தியர். இரண்டு வருடமாகப் பழக்கம். மேனுகாவின் தகப்பன் நித்தியானந்தனுக்குப் பெடியனைப் பிடித்திருந்தது. ஆனால் இரஞ்சிதம் அக்காவின் புகழ் வெரிபீ வரை பரவியிருந்தது. "அந்த மனுசி திருப்பி அனுப்பின சாதகங்களோட என்ர பிள்ளையின்ர சாதகமும் போய்க் கிடக்கேலாது. அவவே வாய் திறந்து கேக்கட்டும். கேக்காட்டில், தை பிறக்க லண்டன் மாப்பிள்ளை வீட்டுக்கு ஓம் சொல்லிப்போடுவன்" என்று மனிதர் சொல்லிவிட்டார். அப்போது புரட்டாசி.

"அப்ப அம்மாட்டச் சொல்லன்."

"சொல்லேலாது அங்கிள். போன வரியம் ஒரு கலியாண வீட்டில எல்லாருக்கும் முன்னால அம்மா சொல்லிப்போட்டா, நான் கண்டுபிடிச்ச பிள்ளையைத்தான் என்ர மகன் கட்டுவான் எண்டு. இனி நான் ஒரு பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டினா அது அவவுக்குத் தோல்வி."

"அப்ப அவவாக் கண்டுபிடிக்கோணும்."

"ஓம் அங்கிள்."

"நீ கண்டுபிடிச்சதை."

"ஓம் அங்கிள்."

எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. இப்படி ஒரு வியாபாரம் வாழ்க்கையில் ஒருமுறைதான் கடைக்குள் நடந்து வரும்.

நல்ல சீலையை விற்கிறவன் அதைக் கையால் தொடக் கூடாது. பக்கத்தில் சாயம் வெளிறிய ஒன்றை விரித்துவைத்து, அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க வேண்டும். வாங்க வந்தவரின் கண் தானாகச் சரியும். "அதென்ன, அங்கால கிடக்கிறது?" என்று அவர்களே கேட்பார்கள். "அதுவோ? அது உங்களுக்குச் சரிவராது" என்று சொன்னால் வேலை முடிந்தது.

காட்டும் இடம்தான் சிக்கல். ஊர் வழக்கப்படி கோயிலில் காட்டலாம். ஆனால் இங்கே கோயிலில் ஒரு பெண்ணை ஒருவர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தால், அர்ச்சனை முடிவதற்குள் செய்தி சிட்னி டூங்கபிக்குப் போய்த் திரும்பி வந்துவிடும். வாடிக்கையாளர் எழுந்து போக முடியாத ஒரு கடை வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து டிசி-3 விமானம், பக்கத்துக்கு ஒரு பெரிய விசிறியோடு, புதுப்பித்துப் பளபளப்பாக்கி வைத்திருக்கிறார்கள். எஸன்டன் விமான நிலையத்தில் ஏறினால் நகரத்தையும் கடலையும் ஒரு சுற்றுக் காட்டிவிட்டுக் கொண்டுவந்து இறக்குவார்கள்.

எங்கள் முதியோர் ஒன்றுகூடலின் வருடாந்தச் சுற்றுலா என்று சொல்லி விமானத்தை முழுதாகப் பிடித்தேன். ஆள் சேர்ப்பது லேசாக இருக்கவில்லை.

"பிளேன் எங்க போகுது?" என்று கேட்டார் வரதராஜன் அங்கிள்.

"எங்கயும் போகாது. எஸன்டனில ஏறி எஸன்டனில இறங்கிறது."

"அப்ப என்னத்துக்கு ஏறுறது? காரைப் பார்க் பண்ணிப்போட்டு அங்கயே இருக்கலாமே?"

ஒருவழியாக எல்லோரும் சேர்ந்தார்கள். இரஞ்சிதம் அக்காவுக்கு மகன் கொடுத்த பிறந்தநாள் பரிசு. மேனுகா, முதியோருக்கு உதவி செய்ய வரும் தொண்டர். வெளிறிய சீலைக்கு ஆள் வீட்டிலேயே இருந்தது. என் மகள் லக்சிகா: மூக்கில் வளையம், தலைமயிரில் ஒரு பக்கம் நீலம், எதைக் கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில்.

"ஸோ, நான்தான் அந்த அக்ளி சாரியா, டாட்?"

"அப்பிடிச் சொல்லாத பிள்ளை. ஒப்பீட்டுக்கு."

"தட்ஸ் வேர்ஸ்," என்றாள். ஆனால் மேனுகாவை அவளுக்குப் பிடித்திருந்ததால் சம்மதித்தாள். என் மனைவி யோகாதான், மனிசரைச் சீலை மாதிரிக் கதைக்கிறதுக்கு ஒருநாள் அனுபவிப்பீங்கள் என்று சொல்லிக்கொண்டே சுற்றுலாவுக்கு றோல்ஸ் பொரித்தாள்.

திட்டம் இதுதான். இரஞ்சிதம் அக்கா ஜன்னலோரம். பக்கத்தில் லக்சிகா. நடைபாதைக்கு அப்பால், அடக்கமாகக் கைத்தறிச் சீலையில் மேனுகா. தனோஜன் கண்ணுக்கெட்டாத தூரத்தில். மேனுகாவுக்குப் பேச வேண்டியதையெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். சமைக்கத் தெரியும், தேவாரம் பாடத் தெரியும், வெள்ளிக்கிழமை விரதம். "அங்கிள், எனக்கு இதில ஒண்டும் தெரியாதே?" என்றாள். "பிளேனில ஆரும் அடுப்பு மூட்டச் சொல்ல மாட்டினம்" என்றேன்.

கோட்டை விட்டது எடையில்.

பழைய விமானம் என்பதால் எடை பார்த்துத்தான் ஆட்களை இருத்துவார்களாம். ஒவ்வொருவரின் எடையையும் முன்கூட்டியே அனுப்பச் சொல்லியிருந்தார்கள். எங்கள் பெண்களிடம் வயதைக் கேட்டால் ஒரு பொய்யாவது கிடைக்கும். எடையைக் கேட்டால் கடைக்கு வருவதையே நிறுத்திவிடுவார்கள். மூட்டையைக் கண்ணால் பார்த்தே எடை சொல்கிறவனுக்கு இது பெரிய வேலையா? எல்லோரையும் மனக்கண்ணில் நிறுத்தி நானே போட்டேன். போட்டதோடு விட்டிருக்கலாம். பெண்கள் என்பதால், விலையில் குறைப்பதுபோல ஆளுக்குச் சில கிலோ கழிவு கொடுத்தேன். நெடுநாள் வாடிக்கையாளர்களுக்குக் கூடுதல் கழிவு. இரஞ்சிதம் அக்கா கடை திறந்த நாளிலிருந்து வருகிறவர்.

எஸன்டனில் ஞாயிறு காலை, ஷெரில் என்ற வெள்ளைக்காரப் பெண் எங்களை வரவேற்றார். வெள்ளைத் தலை, சிவப்பு உதட்டுச்சாயம், கையில் என் பட்டியல். பட்டியலைப் பார்த்தார். எங்கள் கூட்டத்தைப் பார்த்தார். மறுபடி பட்டியலைப் பார்த்தார்.

"மேட், இதெல்லாம் இவர்கள் பிறந்தபோது எடுத்த எடையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பிறகு பெட்டிகள் நிறுக்கும் தராசை இழுத்து வந்து நடுவில் போட்டார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பாத்ரூமுக்குப் போக வேண்டும் என்றார்கள்.

நான் ஷெரிலை ஒரு பக்கமாகக் கூப்பிட்டேன். "எல்லாரையும் நிறுக்கத்தான் வேணுமா? ஒரு சராசரி போட்டு முடிப்போமே. கூடினதை அங்கிள்மாரில் கழிச்சுக்கொள்ளலாம்."

"நான் இரங்கலாம், டார்லிங். அந்த விமானம் பேரம் பேசாது," என்றார்.

இரஞ்சிதம் அக்கா தராசின் இலக்கத்தை ஒரு துவாயால் மூடினால்தான் ஏறுவேன் என்றார். மூடினார்கள். ஏறினார். ஷெரில் மட்டும் துவாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, என்னைப் பார்த்து, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். பெண்களின் கைப்பைகளும் தனியாகப் பிடிபட்டன. றோல்ஸ், கட்லட், வடை, மூன்று தேத்தண்ணிப் போத்தல். ஒரு ஆளின் எடைக்குச் சாப்பாடு. அத்தனையும் வரவேற்பு மேசையிலேயே தங்க வேண்டியதாயிற்று.

அதன் பிறகு ஷெரில் ஒரு பேனாவை எடுத்து என் ஆசனத் திட்டத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். கனமானவர்கள் நடுவில், இறக்கையோரம். கனமான ஒருவருக்குப் பக்கத்தில் மெல்லிய ஒருவர். தனோஜன் முன் வரிசை. லக்சிகா வாலுக்குக் கிட்ட. கூட்டத்திலேயே மிக மெல்லியவள் மேனுகா. மிக நெடுநாள் வாடிக்கையாளருக்குப் பக்கத்தில் அவளைத் தூக்கிப் போட்டுவிட்டார்.

சரக்கு நேராக வாடிக்கையாளரின் மடியிலேயே விழுந்துவிட்டது. அவர்களுக்கு நேர் பின்னால் எனக்கும் யோகாவுக்கும் இடம் கிடைத்ததுதான் ஒரே ஆறுதல்.

அந்த விமானம் தரையில் நிற்கும்போது வால் தாழ்ந்து மூக்கு நிமிர்ந்திருக்கும். பின்கதவால் ஏறி நம் இடத்துக்குப் போவதென்றால் மலை ஏறுவதுபோல. அங்கிள்மார் ஆசனங்களைப் பிடித்துப் பிடித்து ஏறினார்கள். "இது பிளேனோ, கதிர்காம யாத்திரையோ?" என்றார் வரதராஜன் அங்கிள்.

விசிறி சுற்றத் தொடங்கியது. இருமியது. பிறகு எஞ்சினிலிருந்து வெள்ளைப் புகை குபுகுபுவென்று ஜன்னலை மூடியது.

"முருகா! நெருப்பு!" என்று இரஞ்சிதம் அக்கா கண்ணை இறுக்கிக்கொண்டார்.

விமானப் பணியாளர், புகைக்காவிட்டால்தான் பயப்பட வேண்டும் என்று சிரித்தபடி சொல்லிப் போனார். அப்போதுதான் மேனுகாவைப் பார்த்தேன். முகத்தில் இரத்தம் இல்லை. அவளுடைய இரண்டு கைகளும் இரஞ்சிதம் அக்காவின் முன்கையைக் கவ்விக்கொண்டிருந்தன. சமையலும் தேவாரமும் வெள்ளிக்கிழமை விரதமும் ஓடுபாதையிலேயே விழுந்துவிட்டன.

இரஞ்சிதம் அக்கா ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "என்ன பிள்ளை, முதல்தரமோ?"

"இல்லை அன்ரி... பெரிய பிளேனில நித்திரைக் குளிசை போட்டுத்தான் போறனான். இது... இது ஆடுது."

"நீர் என்ன வேலை பாக்கிறீர்?"

"பல்... பல் டொக்டர்."

மற்றக் கண்ணும் திறந்தது. "அட கடவுளே! நாங்கள் உங்களிட்ட வந்து நடுங்குறம். நீர் இஞ்ச வந்து நடுங்குறீர்!"

விமானம் ஓடத் தொடங்கியது. வால் எழும்பி உள்ளே தரை மட்டமானது. எழும்பிவிட்டது என்று எல்லோரும் கை தட்டினார்கள். வால் மட்டும்தான் எழும்பியிருந்தது. சற்றுக் கழித்து உடம்பும் எழும்பியபோது தட்டுவதற்கு ஒருவர் கையும் சும்மா இருக்கவில்லை, எல்லாக் கைகளும் கதிரையைப் பிடித்துக்கொண்டிருந்தன.

இரஞ்சிதம் அக்கா பிடிக்கவில்லை. பிடிக்கக் கை இல்லை. ஒரு கை மேனுகாவிடம் சிக்கியிருந்தது, மறு கையால் அவர் சீலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஷெரிலின் கண்ணுக்குத் தப்பிய ஓர் இஞ்சி இனிப்பு அதற்குள் இருந்தது.

"வாயைத் திறவும்," என்றார் பல் வைத்தியரிடம். "பெருசாத் திறவும். ஆ... அப்பிடித்தான். கடிக்காதையும், உறிஞ்சும்."

மேனுகா உறிஞ்சினாள். "அன்ரி, இறக்கை ஆடுது."

"ஆடத்தான் வேணும். ஆடாட்டிலெல்லோ முறியும்?"

இறக்கையைப் பற்றி இரஞ்சிதம் அக்காவுக்கு என்ன தெரியும்? சற்று முன் எஞ்சின் இருமியதற்கே முருகனைக் கூப்பிட்டவர். ஆனால் அந்தக் குரலில் இறக்கையைத் தானே பூட்டியவர் போல ஒரு உறுதி. மேனுகா அதை அப்படியே நம்பினாள். நம்பியதைப் பார்த்து அக்காவுக்கு இன்னும் உறுதி கூடியது. வெளியே பார்க்கப் பயந்த மனுசி இப்போது ஜன்னலில் மூக்கை ஒட்டிவைத்து நேர்முக வர்ணனை தொடங்கிவிட்டார்.

"இஞ்ச பாரும், உதுதான் எம்.சி.ஜி. கிரிக்கெட் கிரவுண்ட். மேலயிருந்து பாக்க உழுந்து அரைக்கிற கிரைண்டர் மாதிரிக் கிடக்கு. உது யாரா ஆறு. ஊத்தைத் தண்ணி, பாக்க வேண்டாம். உந்தா, கடல் வருது. கடலைப் பாரும், நீலமாக் கிடக்கு."

யோகா என் விலாவில் இடித்தாள். "பாத்தீங்களே? உங்கட அட்வைஸ் ஒண்டும் இல்லாமலே நடக்குது."

நடந்துகொண்டுதான் இருந்தது. கடலுக்கு மேல் போகும்வரை.

கடற்காற்று ஒன்று விமானத்தைக் கீழிருந்து தூக்கிப் பிறகு சட்டென்று கைவிட்டது. வயிறு மேலே நிற்க நாங்கள் கீழே போனோம். அந்த நேரத்தில் ஆளாளுக்கு ஒரு தெய்வத்தைக் கூப்பிட்டார்கள். மேனுகா கூப்பிட்டது வேறு.

"தனோ...!"

இரண்டு எஞ்சின் இரைச்சலையும் வெட்டிக்கொண்டு அது முன் வரிசை வரை போனது. அந்த மடையன் சும்மா இருந்திருக்கலாம். பெல்ற்றைக் கழற்றி எழுந்து, கூரையில் தலையை இடித்து, "மேனு! பயப்பிடாத! கண்ணை மூடு, நான் இருக்கிறன்!" என்று கத்தினான்.

பிறகு தன் தாயைப் பார்த்தான்.

இரஞ்சிதம் அக்கா மகனைப் பார்த்தார். மேனுகாவைப் பார்த்தார். மெதுவாகத் திரும்பிக் கதிரை இடுக்கு வழியாக என்னைப் பார்த்தார். நான் பாதுகாப்புக் குறிப்பு அட்டையை எடுத்து மிக ஆர்வமாக வாசிக்கத் தொடங்கினேன். தலைகீழாகப் பிடித்திருந்ததை யோகாதான் சொன்னாள்.

தனோஜன் இரண்டடி எடுத்து வைத்தான்.

"நீ இரு!" என்றார் இரஞ்சிதம் அக்கா. "இருந்து பெல்ற்றைப் போடு. இஞ்ச நான் பாக்கிறன்."

இருந்தான். அதோடு அக்காவின் ஜன்னல் வர்ணனை நின்றுபோனது. ஆனால் இறங்கும்வரை மேனுகாவின் கையை அவர் விடவில்லை. அதைப் பிடித்திருந்தது அன்பிலா, குற்றவாளி தப்பி ஓடாமல் இருக்கவா என்று பின்னாலிருந்து எனக்குத் தெரியவில்லை. தை மாதமும் லண்டன் மாப்பிள்ளையும் என் கண்முன் வந்து போனார்கள்.

தரையிறங்கியதும் எல்லோரும் படம் எடுக்க மூக்குப் பக்கம் போனார்கள். எங்களை இரஞ்சிதம் அக்கா இறக்கைக்குக் கீழே கூட்டிப் போனார். காது அடைத்திருந்ததால் அவர் பேசியது ஓடுபாதையின் மறு முனைக்கும் கேட்டிருக்கும்.

"எவ்வளவு காலமா நடக்குது?"

"ரெண்டு வரியம், அம்மா."

"அதைச் சொல்ல உனக்கு வாயில்லை. பெத்த தாயைத் தராசில ஏத்தி, ஆகாசத்தில ஏத்தி, நாடகம் போடத் தெரிஞ்சிருக்கு. ரத்தினசிங்கம், உமக்கும் கதை இருக்கு. பிறகு வாறன்."

"அக்கா, அது வந்து..." என்று இழுத்தேன்.

"பிறகு எண்டனான்."

அவர் மேனுகாவிடம் திரும்பினார். குரல் இறங்கவில்லை, ஆனால் முகம் மாறியிருந்தது. "பிள்ளை, எனக்கு ஒண்டு மட்டும் உண்மையாச் சொல்லு. மேல நீ என்ர கையைப் பிடிச்சு நடுங்கினது... அதுவும் இந்த மனுசன் சொல்லித் தந்த நடிப்போ?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லாம் என் கைவேலை என்று தெரிந்துவிட்ட பிறகு, உண்மையாக நடந்த ஒன்றையும் எப்படி நம்பச் சொல்வது? நான் வாயைத் திறந்தால் அதுவும் வியாபாரம் ஆகிவிடும். வாழ்க்கையில் முதல் தடவையாக மூடிக்கொண்டு நின்றேன்.

"இல்லை அன்ரி," என்றாள் மேனுகா. "அங்கிள் சொல்லித் தந்தது வேற. எனக்குச் சமைக்கத் தெரியும் எண்டு சொல்லச் சொன்னவர். எனக்குத் தெரியாது. புட்டு அவிச்சா உதிராது, கட்டியாக் கிடக்கும். தேவாரத்தில முதல் வரி மட்டும் தெரியும். வெள்ளிக்கிழமையில கிளினிக்கில எல்லாரும் சிக்கன் எடுப்பம், நானும் சாப்பிடுறனான். இந்தச் சீலையையும் யோகா அன்ரிதான் கட்டிவிட்டவ. நடுங்கினது மட்டும்தான் என்ர."

சொல்லச் சொல்ல இரஞ்சிதம் அக்காவின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. சாதகம் பார்த்து, குரல் பார்த்து, நடை பார்த்து அந்த மனுசி தேடியது இதைத்தான் என்று அப்போது விளங்கியது. வந்த பெண்கள் எல்லோரும் எல்லாம் தெரிந்தவர்களாக வந்தார்கள். அப்படி ஒரு மருமகள் வந்தால், அந்தக் குசினியில் இவருக்கு என்ன வேலை? கழிவு போட்ட சரக்கை வாங்க வந்தவரிடம் நான் முழு விலைச் சரக்கைக் காட்ட நின்றிருக்கிறேன்.

"புட்டுக்கு மாவை வறுக்கிறேல்லையோ?" என்று கேட்டார்.

"வறுக்கோணுமா, அன்ரி?"

"கடவுளே! வறுக்காமல் அவிச்சா கல்லுத்தானே வரும். சரி, அதுக்கு நான் இருக்கிறன்." முன்கையைத் திருப்பிப் பார்த்தார். நகம் பதிந்த இடம் சிவந்திருந்தது. "ஆனா நகத்தை வெட்டோணும். எங்க, உன்ர அப்பாவின்ர நம்பரைச் சொல்லு."

"இப்பவா அம்மா?" என்றான் தனோஜன்.

"நீ ரெண்டு வரியம் யோசிச்சது காணும்."

காது அடைத்திருந்ததால் போனை ஒலிபெருக்கியில் போட்டார். வெரிபீயில் நித்தியானந்தன் எடுத்தார்.

"நான் தனோஜன்ர அம்மா, இரஞ்சிதம் கதைக்கிறன். உங்கட பிள்ளையை நான் இண்டைக்குப் பிளேனில சந்திச்சனான். எனக்குப் பிடிச்சுப்போச்சு. என்ர மகனுக்குத் தருவீங்களோ?"

நான் தலையில் கை வைத்தேன். சந்தோசத்தால் அல்ல. எப்போதாவது இந்தக் கேள்வி வந்தால் உடனே ஓம் சொல்லிவிட வேண்டாம், பிள்ளை வீட்டுக்கு மதிப்புக் குறைந்துவிடும், இரண்டு கிழமை இழுங்கள் என்று முந்திய நாள்தான் அந்த நல்ல மனிதருக்குப் போனில் படிப்பித்திருந்தேன்.

அவர் நல்ல மாணவர். "அதுக்கென்ன அக்கா," என்றார் மிக ஆறுதலாக. "நாங்களும் யோசிக்கத்தானே வேணும். சொந்தக்காரரோடயும் கதைச்சு, ஒரு ரெண்டு கிழமையால..."

இரஞ்சிதம் அக்காவின் புருவம் நெளிந்தது. எத்தனையோ வீடுகளுக்கு வேண்டாம் சொன்ன மனுசிக்கு, ஒருவர் யோசிக்கிறேன் என்று சொல்வது புதிது. நான் போனை நோக்கிக் கையைக் காலை ஆட்டினேன். போனுக்குக் கண் இல்லை.

மேனுகா போனைப் பறித்தாள். "அப்பா! ஓம் எண்டு சொல்லுங்கோ!"

"பிள்ளை, நீயும் நிக்கிறியோ? ரத்தினசிங்கம் அண்ணை உடனை சொல்ல வேண்டாம் எண்டவரெல்லோ..."

இறக்கைக்குக் கீழே நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். எஞ்சினிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் என் தோளில் விழுந்தது. துடைக்கவில்லை.

"அவர் இஞ்சதான் நிக்கிறார்," என்றார் இரஞ்சிதம் அக்கா போனுக்குள். "முழிச்சுக்கொண்டு நிக்கிறார். அவரை விடுங்கோ. நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?"

"ஓம் அக்கா! ஓம், ஓம்! எங்களுக்கு முழுச் சம்மதம்!" என்று நித்தியானந்தன் கத்திய கத்தலில், படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஏதோ விபத்து என்று ஓடி வந்தார்கள். வரதராஜன் அங்கிள் விசாரித்தறிந்து, "அப்ப பிளேன் ஒரு இடத்துக்குப் போய்த்தான் வந்திருக்கு," என்றார்.

"மற்றதெல்லாம் பிறகு கதைப்பம்," என்றார் இரஞ்சிதம் அக்கா. "பிள்ளை காலமையில இருந்து ஒண்டும் சாப்பிடேல்லை, முகம் வெளிறிக் கிடக்கு. நான் வீட்டை கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பாடு குடுத்துப்போட்டுப் பின்னேரம் கொண்டுவந்து விடுறன்."

போனை வைத்தார். மேனுகாவின் கையைப் பிடித்துக் கார் நிறுத்தும் இடத்துக்கு நடந்தார். தனோஜனின் காரில் முன் ஆசனம் எப்போதும் இரஞ்சிதம் அக்காவுடையது. மேனுகாவை அதில் இருத்தி, பெல்ற்றையும் தன் கையால் இழுத்துப் போட்டுவிட்டார். பிறகு பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டு, ஓட்டுநர் கதவருகில் வாயெல்லாம் பல்லாக நின்ற மகனைப் பார்த்துச் சொன்னார்:

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? ஏறி எடு. மெல்லமா ஓட்டு, பிள்ளை பயந்துபோடும்."